ரவுண்ட் நெக் காளானும் காலர் காளானும்: தளிக்கு ஒரு படையெடுப்பு

2008 தீபாவளி முடிந்து இரண்டாம் நாள், புதன்கிழமை, விடியற்காலை ஐந்து இருபதுக்குத் திருப்பூரிலிருந்து ஒரு மாபெரும் படையெடுப்பு கிளம்பியது. படைத்தலைவன் அடியேன். தேர், ஒரு வெள்ளை ஆம்னி வேன். சேனை, டிரைவர் சேவியரும் அவர் மனைவி ஸ்டெல்லாவும். பிடிக்கப் போன எதிரி, புத்துக்காளான். மழை பெய்து ஓய்ந்ததும் கரையான் புற்றில் முளைக்கிற காளானுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. இதே வழியில் போக நினைக்கிறவர்களுக்காக நேரம், தூரம், செலவு எல்லாம் அப்படியே எழுதுகிறேன். மற்ற விஷயங்களில் நான் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன் என்பது இந்த வலைப்பதிவுக்கு வந்துபோகிறவர்களுக்குத் தெரியும். கிலோமீட்டரில் மட்டும் கை வைக்கமாட்டேன்.

போன காரணம், மாப்பிள்ளை. மகள் நிர்மலாவுக்கு இது தலை தீபாவளி. மாப்பிள்ளை கார்த்தி கரூர்க்காரர், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நிர்மலாவுக்கு நாலு மாசம். இவ்வளவு சந்தோஷத்துக்கு நடுவில் ஒரு சிக்கல். தீபாவளிக்கு மறுநாளோடு எங்கள் வீட்டில் கந்த சஷ்டி விரதம் பிடித்துவிடுவார்கள். ஆறு நாளைக்குக் கறி, மீன், முட்டை வாசலைக்கூடத் தாண்ட முடியாது. மாப்பிள்ளையோ வியாழக்கிழமை ராத்திரி ரயிலில் ஊருக்குத் திரும்புகிறார். புதுமாப்பிள்ளைக்கு மூன்று நாளாகச் சாம்பாரும் ரசமும் ஊற்றி அனுப்பினேன் என்ற கெட்ட பெயர் நம் பரம்பரைக்கே வந்துவிடும் அல்லவா.

"காளான் வாங்கிச் செஞ்சிரலாம் மாமா, மெட்ராஸ்ல பாக்கெட்ல கிடைக்குது" என்றார் மாப்பிள்ளை, நல்ல மனதோடுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பாக்கெட்டா? மாப்பிள்ளை, எங்க பக்கத்துப் புத்துக்காளானைக் குழம்பு வெச்சா, அடுத்த தெருவுல இருக்கிற கோழியெல்லாம் இனி நமக்கு மரியாதை இல்லைன்னு காசிக்குக் கிளம்பிரும்" என்றேன். மதியம் இரண்டு மணிக்கு இலையில் இருக்கும் என்று கெடுவும் வைத்துவிட்டேன். என் மனைவி சரோஜா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

சேவியர் தூத்துக்குடிப் பக்கம். தீபாவளி வாரம் முழுக்கக் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும், வண்டிகள் எல்லாம் தெற்கே பறந்துவிடும். இவர்கள் மட்டும் கிறிஸ்துமஸுக்குத்தான் ஊருக்குப் போவார்கள் என்பதால் வண்டி கிடைத்தது. ஒரு நாள் வாடகை பெட்ரோலோடு ஆயிரத்து நூறு, பேட்டா நூறு. சேவியர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஸ்டெல்லாவையும் கூட்டிட்டு வாரேன் அண்ணாச்சி. திருப்பூருக்கு வந்து ஆறு வருசம் ஆச்சு, தளிப் பக்கம் இருக்க திருமூர்த்தி அருவியை இன்னும் பாக்கலங்கா."

"அருவி என்ன, அந்த மலையையே வண்டியில ஏத்திக் கொண்டுவந்துரலாம்" என்று வாக்குக் கொடுத்தேன்.

ஸ்டெல்லா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நானோ வேறொரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகப் பேக்கிங் இன்சார்ஜ். டேபிளில் பீஸைப் பிரித்துப் போட்டு ஓட்டை, கறை, தையல் பார்ப்பது அவள் வேலை. பார்த்து முடித்ததை மடித்துப் பெட்டியில் அடுக்கிக் கப்பலேற்றுவது என் வேலை. அவள் என் கம்பெனி இல்லை. அதனாலோ என்னவோ, என்னிடம் அவளுக்குப் பயம் என்பதே கிடையாது.

பல்லடம் பதினைந்து கிலோமீட்டர், ஐந்து ஐம்பதுக்கு டீ, ஒன்று நாலு ரூபாய். அங்கிருந்து குடிமங்கலம் நால்ரோடு வழியாக உடுமலைப்பேட்டை. முந்தின ராத்திரி நல்ல இடிமழை. ரோட்டோரம் பள்ளமெல்லாம் தண்ணீர், இரண்டு பக்கமும் காற்றாலைகள் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. உடுமலையில் ஏழு பதினைந்துக்கு மூன்று பேருக்கும் இட்லி, வடை, காபி எழுபத்தெட்டு ரூபாய். தேங்காய்ச் சட்னியைப் பற்றி மட்டும் தனியாக ஒரு காவியம் எழுதலாம், சரோஜா படிப்பாள் என்பதால் விட்டுவிடுகிறேன். உடுமலையிலிருந்து தளி ரோட்டில் மலையைப் பார்த்துப் போனால், தளி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் சிநேகிதர் ஒருவரின் தோப்பு. வீட்டு வாசலிலிருந்து மொத்தம் எண்பத்து நாலு கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தது எட்டரை.

இங்கே ஒரு குறிப்பு. மலையடிவாரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் வனத்துறைக் காடு. அதற்குள் போய் எதையும் பறிக்கக்கூடாது. தனியார் தோப்பில், சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் பறிக்க வேண்டும். என் சிநேகிதரின் தோப்பு, முன்பாதி தென்னை, பின்பாதி வெட்டாமல் விட்ட வேம்பும் வாகையும் புளியும் அடர்ந்த காடுமாதிரி. அந்தப் பின்பாதியில்தான் புற்றுகள்.

தோப்பைப் பார்த்துக்கொள்கிற பாப்பாத்தி அக்கா கையில் ஒரு குச்சியோடு காத்திருந்தார். சின்ன வயதிலிருந்து இதே புற்றில் பறித்து இதே வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிறவர்.

"வாங்க சாமி, நேத்து இடிச்ச இடிக்கு இன்னிக்கு நெறைய பூத்திருக்குதுங்க. ஆனா நாஞ் சொல்ற மாதிரி பறிக்கோணும்" என்றார்.

முதல் புற்றைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. (சரோஜா நம்பமாட்டாள்.) சிவப்பு மண் மேட்டைச் சுற்றி ஒரு கல்யாண மண்டபத்துக் கூட்டமே குடை பிடித்துக்கொண்டு நின்றது. பாப்பாத்தி அக்கா ஒன்றைச் சுற்றிக் குச்சியால் மண்ணைத் தோண்டித் தோண்டி மெதுவாக உருவினார். தண்டு முடிகிற இடத்தில் அது முடியவில்லை. மண்ணுக்குள் வேர் மாதிரி ஒரு வால் இறங்கிக்கொண்டே போனது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். எனக்கென்னவோ பாதாள லோகத்திலிருந்து வாசுகியை இழுக்கிறார் என்றே தோன்றியது.

"இது புத்துக்குள்ள கரையான் கூட்டுல இருந்து வருதுங்க. இந்த வேரு இருந்தா நம்மாளு. மேல பாருங்க, குடை நடுவுல முள்ளு மாதிரி ஒரு கூர். அடியில மடிப்பு வெள்ளையா, லேசா ரோஸ் ஓடியிருக்கும். தண்டுல வளையம் கிடையாது."

பிறகு எங்களைப் பட்டிப் பக்கம் கூட்டிப் போனார். மாட்டுப்பட்டியை ஒட்டிய புல்லில் பெரிய பெரிய வெள்ளைக் குடைகள். உண்மையைச் சொன்னால், புத்துக்காளானைவிட இதுதான் அழகு. குடையின் மேல் பழுப்புச் செதில்கள், நடுவில் அதிகமாக. தண்டைச் சுற்றி ஒரு வளையம், விரலால் தள்ளினால் மேலும் கீழும் நகர்கிறது. பிடுங்கினால் அடியில் குண்டாக ஒரு முண்டு, அவ்வளவுதான், வேர் கிடையாது.

"இதத் தின்னா ரெண்டு மணி நேரத்துல வாயாலயும் வயித்தாலயும் போயிருமுங்க. இளசுல அடி மடிப்பு வெள்ளையாத்தான் இருக்கும், அங்கதான் ஏமாறுவாங்க. முத்துனத பாருங்க." கவிழ்த்துக் காட்டினார். மடிப்புகள் அழுக்குப் பச்சையாக மாறியிருந்தன.

காட்டுப் பக்கம் இன்னொரு வகை உண்டு, வெள்ளை வெளேரென்று இருக்கும், தண்டின் அடி முட்டை ஓட்டுக்குள் நிற்கிற மாதிரி ஒரு உறைக்குள் நிற்கும், அது ஆளையே கொண்டுபோய்விடும் என்றார். அந்த உறை மண்ணுக்குள் இருக்கும் என்பதால், எதையும் ஒடித்துப் பறிக்கவே கூடாதாம். "வேரோட எடுங்க, வேரோட வூட்டுக்குக் கொண்டு போங்க, வூட்டுல வெச்சு நறுக்குங்க. ஒண்ணொண்ணையும் பாருங்க சாமி." இதை அவர் மூன்று தடவை சொன்னார். ஸ்டெல்லா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நானும் ஆட்டினேன். என் தலை ஆடியது, அவ்வளவுதான்.

ஒன்றரை மணி நேரத்தில் நாற்பதுக்கு மேல் பறித்தோம். பறித்ததை எல்லாம் பாப்பாத்தி அக்கா வாங்கிப் பார்த்து ஒரு துண்டில் மூட்டை கட்டினார். நீள வால் முறியாத ஒன்றை மட்டும் தனியாகக் காகிதத்தில் சுற்றி, "இத வூட்டுல அம்மிணிகிட்டக் காட்டுங்க" என்று என் கையில் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அவருக்கு எடுத்துப்போயிருந்த தீபாவளிப் பலகாரப் பெட்டியைக் கொடுத்தேன், கூடவே இரண்டு பனியன்.

பத்து பத்துக்குக் கிளம்பினோம். இங்கிருந்துதான் சரித்திரம் தடம் மாறுகிறது.

தோப்பு கேட்டருகே சேவியர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் சும்மா நிற்பேனா? வேலியோரப் புல்லில் ஏழெட்டு வெள்ளைக் குடைகள். எல்லாம் இளசு, அடி வெள்ளை. பக்கத்து வேலிக்கால் ஒன்றில் கரையான் மண் ஏறியிருந்தது. கரையான் இருக்கிறது, ஆக இதுவும் புத்துக்காளான்தான் என்று என் பேரறிவு தீர்ப்பு எழுதியது. பட்டி அந்தக் கோடியில் அல்லவா இருக்கிறது, இது கேட் பக்கம். பறித்துத் துண்டில் போட்டுக்கொண்டேன்.

தளிக்கு முன்னால் வாய்க்கால் ஓரம் வண்டியை நிறுத்தினோம். அவர்கள் இருவரும் கால் கழுவ இறங்கினார்கள். நான் வேனில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தேன். மண்ணும் வேரும் சருகுமாகப் பார்க்கவே அலங்கோலம். இருபத்திரண்டு வருஷம் பேக்கிங்கில் நின்றவன் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று நீங்களே யோசியுங்கள். துணியில் நூல் தொங்கினால் அதைப் பிசிறு என்போம், பிசிறு இருந்தால் பெட்டியில் ஏறாது. பிசிறு வெட்டுகிற டிரிம்மர் என் சட்டைப் பையில் பேனா மாதிரி எப்போதும் இருக்கும். எடுத்தேன். ஒவ்வொரு காளானின் வாலையும் நறுக் நறுக்கென்று வெட்டினேன். அடி மண்ணைச் சீவினேன். ஈரத்துணியால் துடைத்தேன். பிறகு ஒரு வெற்று அட்டைப்பெட்டியில் சைஸ் பார்த்து ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்எல் என்று நாலு வரிசையாக அடுக்கினேன். கடைசியில், பைனல் இன்ஸ்பெக்ஷனில் செய்கிற மாதிரி, அங்கொன்று இங்கொன்றாகப் பத்து பீஸ் உருவிப் பார்த்தேன். குறையில்லை. லாட் பாஸ். ஐரோப்பாவுக்கே அனுப்பலாம்.

வெட்டிய வால்கள் எல்லாம் வாய்க்காலில் மிதந்து போயின.

வண்டி ஏறியதும் இன்னொரு பாவம் செய்தேன். மணி பத்தே முக்கால். அருவிக்குப் போய் வந்தால் காளான் வாடிவிடும், இரண்டு மணிக் கெடு தவறிவிடும். "அருவியை இன்னொரு நாள் பாத்துக்கலாம் சேவியர், நேரா திருப்பூருக்கு விடுங்க" என்றேன். சேவியர் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார். "சரி அண்ணாச்சி" என்றார். பின்சீட்டில் ஸ்டெல்லா மடியில் பெட்டியோடு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த மௌனத்தின் கனத்தில் ஆம்னி பதினைந்து கிலோமீட்டர் வேகத்தை இழந்தது.

உடுமலை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பின்னால் அட்டை உரசுகிற சத்தம். சும்மா இருக்க முடியாத கை போலிருக்கிறது, பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பி, பார்த்து, வைத்துக்கொண்டிருந்தாள். அப்படியே செக்கிங் டேபிள் கை.

குடிமங்கலம் நெருங்கும்போது கேட்டாள்: "அண்ணாச்சி, இந்தப் பெட்டில எத்தனை ஸ்டைல் போட்டிருக்கீக?"

"ஒரே ஸ்டைல்தான் அம்மிணி. நாலு சைஸ்."

"அப்போ ரவுண்ட் நெக் லாட்டுல காலர் பீஸ் எப்படி வந்துச்சு?"

ஒரு காளானை முன்சீட்டுக்கு நீட்டினாள். தண்டைச் சுற்றி வளையம். விரலால் தள்ளிக் காட்டினாள். மேலே போனது, கீழே வந்தது.

சேவியர் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி ரெண்டு வெளிநாட்டு பையர் ஆர்டரைக் கலந்துட்டாவ."

"நான் பத்து பீஸ் எடுத்துப் பார்த்துத்தான் பாஸ் பண்ணேன்" என்றேன், விறைப்பாக.

"பத்து பீஸ் பாத்தா போதும்னா எங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி சம்பளம்?" என்றாள் ஸ்டெல்லா.

வேலியோரக் காளான் கதையைச் சொல்லவேண்டியதாயிற்று. அவள் திட்டவில்லை. முழுப் பெட்டியையும் பார்த்து, வளையம் இருப்பதாக நாலைப் பிரித்து வைத்தாள்.

"ஆச்சு, தூக்கிப் போட்டுரு. மீதி நல்லது" என்றேன்.

"அங்க எத்தனை பறிச்சீக?"

"ஏழு. எட்டும் இருக்கலாம்."

"நாலுக்குத்தான் காலர் இருக்கு. மிச்சத்துக்கு நீங்க தொடைச்ச தொடைப்புல கழண்டுருக்கும். வேரைப் பாத்தா தெரியும்னு அந்த அக்கா சொன்னாவல்லா. வேர் எங்க?"

"பிசிறுன்னு வெட்டிட்டேன்."

சேவியர் நால்ரோட்டுக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரம் கட்டி இஞ்சினை அணைத்தார். மணி பதினொன்று ஐம்பத்தைந்து. அந்தக் கணத்தில்தான் என் சட்டைப் பையில் போன் அடித்தது. சரோஜா.

"ஏனுங்க, எங்க வந்துட்டீங்க? மசால் அரைச்சு வெச்சாச்சு. நிர்மலாவுக்கு வாசத்துக்கே பசிக்குதாமா."

"வந்துட்டே இருக்கேன். ஏன் சரோஜா, மஞ்சள் போட்டு வேகவெச்சா காளான்ல விஷம் இருந்தாலும் போயிரும்பாங்களே?"

"ஆமாங்க, எங்கம்மா சொல்லும். ஏன் கேக்கறீங்க?"

"சும்மா" என்று வைத்துவிட்டேன்.

நண்பர்களே, இந்த வலைப்பதிவில் எத்தனையோ அளந்திருக்கிறேன். இதை அளக்காமல் சொல்கிறேன். அந்த மரத்தடியில் மூன்று நிமிஷம் போல, கண்ணுக்குச் சந்தேகமாகத் தெரிகிறதை மட்டும் எறிந்துவிட்டு மீதியை மஞ்சள் போட்டு வேகவைத்துவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை முன்னால் வெறுங்கையோடு போய் நிற்பது அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது.

ஸ்டெல்லா கேட்டாள்: "அண்ணாச்சி, உங்க கம்பெனியில ஊசி ஒடிஞ்சா என்ன செய்வாவ?"

தையல் மெஷினில் ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கிறவரை தேட வேண்டும், எடுத்து ஒட்டிக் காட்ட வேண்டும். ஒரு துணுக்குக் குறைந்தாலும் அந்தக் கட்டு முழுவதையும் ஒதுக்கிவிடுவோம். எந்தச் சட்டைக்குள் இருக்கிறதோ, எந்தக் குழந்தை போடுமோ. இது எனக்குத் தெரியாததா? மற்றவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

"மொத்தத்தையும் ஒதுக்குவோம்" என்றேன்.

"யாரு சாப்பிடப் போறா?"

"என் மக. நாலு மாசம்."

ஸ்டெல்லாவுக்கு அது அதுவரை தெரியாது. நான் மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்றே பீற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். ஸ்டெல்லா பெட்டியின் மூடியை மூடி என் மடியில் வைத்தாள். "நீங்களே போடுங்க அண்ணாச்சி" என்றாள்.

சேவியர் ஜாக்கிக் கம்பியால் குழி தோண்டினார். ஆடு மாடு தின்றுவிடக்கூடாது என்று முழங்கை ஆழம். ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்எல் என்று அடுக்கியது அடுக்கியபடி உள்ளே போனது. இப்படி ஒரு ராஜ மரியாதையோடு எந்தக் காளானும் அடக்கம் ஆகியிருக்காது. வளையக்காரனில் ஒன்றையும், பாப்பாத்தி அக்கா காகிதத்தில் சுற்றித் தந்த வாலுள்ள ஒன்றையும் மட்டும் தனித்தனியாக வைத்துக்கொண்டேன், சாட்சிக்கு.

வீடு சேர்ந்தது ஒன்று முப்பத்தைந்து. நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

"காளான் கிடைக்கலைன்னா கிடைக்கலைன்னு சொல்லுங்க மாமா, அதுக்கு இவ்வளவு பெரிய கதையா?" என்று மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். சரோஜா காளானுக்கு அரைத்த மசாலாவில் கத்திரிக்காயைப் போட்டாள். குழம்பு பிரமாதம். நான் மட்டும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

நிர்மலா சிரிக்கவில்லை. அவள் பிஎஸ்சி தாவரவியல். நான் கொண்டுவந்த இரண்டையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, வெள்ளைத் துணி ஒண்ணு, கறுப்புத் துணி ஒண்ணு எடுங்க" என்றாள். நம் வீட்டில் பனியன் துணிக்கா பஞ்சம்? இரண்டின் தண்டையும் நறுக்கிவிட்டு, காலர் காளானின் குடையை வெள்ளைத் துணியிலும், புத்துக்காளானின் குடையைக் கறுப்புத் துணியிலும் அடிப்பக்கம் கீழே படும்படி வைத்தாள். மேலே ஆளுக்கொரு கிண்ணத்தைக் கவிழ்த்தாள். "காளானோட வித்துத்தூள் துணியில விழும். அந்தக் கலர் மாறாது. நாளைக்குக் காலையில பாருங்க."

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிண்ணத்தை எடுத்தோம். கறுப்புத் துணியில் வெளிறிய ரோஸ் நிறத்தில் சக்கரம் மாதிரி ஒரு அச்சு. வெள்ளைத் துணியில் அதே மாதிரிச் சக்கரம், அழுக்குப் பச்சையில்.

மாப்பிள்ளை நின்று பார்த்தார். பிறகு நிர்மலாவைப் பார்த்தார். "நான் சிரிச்சிருக்கக் கூடாதுங்க மாமா" என்றார். சரோஜா முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று நான் கடிகாரம் பார்க்கவில்லை.

இந்த வகையில் பெரும்பாலும் வாந்தியும் பேதியும்தான், ஆனாலும் உடம்பில் நீர் வற்றிவிடும், வயிற்றில் குழந்தை உள்ளவளுக்கு அது விளையாட்டில்லை என்றாள் நிர்மலா. உறை உள்ள வெள்ளைக் காளான் ஒன்று கலந்திருந்தால் அதன் அடியையும் நான் சீவி எறிந்திருப்பேன், யாருக்கும் தெரிந்திருக்காது, அது ஈரலைத் தின்றுவிடும் என்றும் சொன்னாள். மஞ்சள், பூண்டு, வெள்ளிக் கரண்டி எதுவும் விஷத்தைக் காட்டாது, எடுக்கவும் எடுக்காது. இதைச் சொன்னபோது நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகிறவர்களுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுக் காளான் பறிக்கக் கிளம்பாதீர்கள். அந்த இடத்திலேயே வளர்ந்து, அந்தப் புற்றிலேயே பறித்துத் தின்று வருகிற ஒருவர் கூட வந்தால் மட்டும் போங்கள். எல்லா ஊர்க் காளானுக்கும் இந்த அடையாளங்கள் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். கரையான் மண் பக்கத்தில் இருப்பது அடையாளம் ஆகாது, வேர் புற்றுக்குள் இறங்க வேண்டும். வேரோடு எடுங்கள், சமைக்கிற இடம் வரை வேரோடு வைத்திருங்கள். பத்தில் ஒன்றைப் பார்க்கிற வேலை இங்கே செல்லாது, அத்தனையையும் பார்க்க வேண்டும். ஒன்று சந்தேகம் என்றால் மொத்தமும் குழிக்கு. தப்பித்தவறி யாராவது தின்று வாந்தி எடுத்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரி, மிச்சக் காளானையும் கையோடு கொண்டுபோங்கள். டிரிம்மரை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கடைசிக் குறிப்பு எனக்கே எனக்கு.

இருபத்திரண்டு வருஷமாக எத்தனையோ செக்கிங் டேபிள்களைக் கடந்து போயிருக்கிறேன். "வேகம், வேகம், கன்டெய்னர் நிக்குது" என்பதைத் தவிர அங்கே நான் வேறொன்றும் சொன்னதில்லை. ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்க்கிற அந்தக் கைகளால்தான் என் பெட்டிகள் திரும்பி வராமல் கடல் தாண்டின என்பது, என் மகள் இலையில் விழ இருந்ததை ஒரு கை எடுத்துக் காட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பாப்பாத்தி அக்காவுக்குப் போனில் நன்றி சொன்னேன். "வேரை வெட்டுனீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஞாயிறு, சேவியரும் ஸ்டெல்லாவும் சர்ச்சில் காலைப் பூசை முடித்து வந்ததும், அதே ஆம்னியில் மறுபடி கிளம்பினோம். இந்த முறை படைத்தலைவி ஸ்டெல்லா. நானும் சரோஜாவும் பின்சீட்டு, மடியில் தயிர்சாதத் தூக்கு. வாடகை பேச சேவியர் வாயைத் திறப்பதற்குள் அதே ஆயிரத்து இருநூறைச் சட்டைப் பையில் திணித்துவிட்டேன். உடுமலையிலிருந்து திருமூர்த்தி மலை இருபது கிலோமீட்டருக்குப் பக்கம். கோயில் வரை வண்டி போகும், அங்கிருந்து அருவிக்கு நடக்க வேண்டும். படி ஈரமாக இருக்கும், பார்த்து ஏறுங்கள். அருவியில் தண்ணீர் நல்ல வரத்து. ஸ்டெல்லா அரை மணி நேரம் அருவிக்கடியில் நின்றாள், சேவியர் கூப்பிட்டும் வரவில்லை. "ஆறு வருசக் கணக்கு அண்ணாச்சி, விடுங்க" என்றார் அவர்.

இறங்கும்போது பாதையோரம் இலைச் சருகுக்குள் ஒரு வெள்ளைக் குடை தெரிந்தது. நான் நின்றேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அதையும் நம்பாமல் சரோஜா அந்தக் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஈரத் தலையோடு ஸ்டெல்லா குனிந்து, தொடாமல், தண்டைப் பார்த்தாள்.

"காலர்" என்றாள். நடந்தோம்.